போஸ்ட்கிரெஸ் கண்காணிப்பு: எதை, எத்தனை விநாடிக்கு ஒரு தடவை எடுப்பது? முழுமையான வழிகாட்டி

டேட்டாபேஸ் வேலைக்குப் புதிதாக வந்தவரிடம் கண்காணிப்பை ஒப்படைத்தால் முதல் நாளே ஒரு கேள்வி வரும்: "எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை டேட்டா எடுக்கணும்?" ஒரே எண்ணைப் பதிலாக எதிர்பார்த்துத்தான் கேட்பார். அப்படி ஒரே எண்ணைச் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். ஐந்து நிமிடம் என்றால் நடந்த கோளாறு கிராஃபில் தெரியாது. ஒரு விநாடி என்றால் கண்காணிப்பே கோளாறாகிவிடும். முதலாவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். இரண்டாவதை நானே செய்திருக்கிறேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ், அதன் எண்களைச் சேகரித்து வைக்கும் ப்ரோமிதியஸ், அவற்றை கிராஃபாக வரைந்து காட்டும் கிராஃபனா என்ற கூட்டணி. படிகளின் வரிசை முக்கியம். இடைவெளி எண்ணைக் கருவியில் பதிவது எட்டாவது படியில்தான் வருகிறது. நேராக அங்கே தாவியவர்கள் எல்லாருமே இரண்டு வாரம் கழித்து முதல் படிக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கண்காணிப்புக்கென்று தனியாக ஒரு டேட்டாபேஸ் யூசர் வேண்டும். சூப்பர்யூசரைக் கொடுக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் 10 முதல் 'பிஜி_மானிட்டர்' என்ற ரோல் இருக்கிறது, அதைக் கொடுத்தால் போதும். தனி யூசர் எதற்கு என்றால், பின்னால் ஏழாவது படியில் "கண்காணிப்பு எவ்வளவு தின்கிறது" என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்த யூசருக்கு இரண்டு கடிவாளம் போடுங்கள். ஒரு க்வெரி ஓடக்கூடிய நேரமான 'ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்' 3 விநாடி, பூட்டுக்குக் காத்திருக்கும் நேரமான 'லாக்_டைம்அவுட்' அரை விநாடி. முதலாவதை எல்லாரும் போடுகிறார்கள், இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். டேபிளின் அளவைச் சொல்லும் 'பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ்' அந்த டேபிளின் மேல் ஒரு சின்னப் பூட்டு கேட்கும். அதே நேரம் யாராவது அந்த டேபிளில் ஆல்டர் ஓட்டிக்கொண்டிருந்தால், உங்கள் க்வெரி வரிசையில் நின்றுவிடும். அதாவது பூட்டுப் பிரச்சினை நடக்கிற அந்த நேரத்தில்தான் உங்கள் கண்காணிப்பும் படுத்துவிடும்.

கனெக்‌ஷன் இடமும் ஒதுக்கி வையுங்கள். 'மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ்' இயல்பாக 100. அது நிரம்பிய நேரத்தில் கண்காணிப்பு உள்ளே நுழைய முடியாவிட்டால் கிராஃபில் வெறும் ஓட்டைதான் இருக்கும். 16ஆம் பதிப்பிலிருந்து 'ரிசர்வ்டு_கனெக்‌ஷன்ஸ்' என்ற அமைப்பு இதற்காகவே வந்திருக்கிறது. அப்புறம், ஒவ்வொரு சுற்றுக்கும் புதுக் கனெக்‌ஷன் திறந்து மூடாமல் ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனி ப்ராசஸ் என்பதால் திறப்பதே ஒரு செலவு.

ஓடிய க்வெரிகளின் கணக்கை வைத்திருக்கும் 'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்' இன்னும் போடவில்லை என்றால் அதற்கு சர்வர் ரீஸ்டார்ட் தேவை. இதை முதலிலேயே நேரம் குறித்து வாங்கிவிடுங்கள். பாதி வழியில் போய் "ரீஸ்டார்ட் பண்ணணும்" என்று கேட்டால் யாரும் தரமாட்டார்கள். டிஸ்கில் படிக்க, எழுத ஆகும் நேரத்தை அளக்கும் 'ட்ராக்_ஐஓ_டைமிங்' இயல்பாக அணைந்திருக்கும். 'பிஜி_டெஸ்ட்_டைமிங்' ஓட்டிப் பார்த்து, உங்கள் சர்வரில் நேரம் பார்ப்பது மலிவாக இருந்தால் அதையும் போடுங்கள்.

2. எவ்வளவு குறுகிய கோளாறு கண்ணில் பட வேண்டும் என்று எழுதி வையுங்கள்

கருவியைத் திறக்கும் முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று, எத்தனை விநாடி நீடிக்கும் கோளாறு எனக்குத் தெரிந்தாக வேண்டும்? இரண்டு, தெரிந்தால் என்ன செய்வேன்? இரண்டாவதற்குப் பதில் இல்லாத எண்ணை அடிக்கடி எடுக்க வேண்டியதில்லை.

இது எதற்கு என்று ஒரு கணக்கு காட்டுகிறேன். சிபியூ பொதுவாக 30 சதவீதத்தில் ஓடுகிறது. ஒரு மோசமான க்வெரி கூட்டம் வந்து 20 விநாடிக்கு 100 சதவீதம் போய் இறங்குகிறது. அந்த 20 விநாடி வாடிக்கையாளரின் பணம் கட்டும் பக்கம் நின்றுபோனது. ஐந்து நிமிடச் சராசரியாக எடுத்தால்: 20 விநாடி 100, மீதி 280 விநாடி 30. கூட்டி 300ஆல் வகுத்தால் 34.7. கிராஃபில் 30 இருந்த இடத்தில் 35 தெரியும். அதைப் பார்த்து யாரும் நாற்காலியை விட்டு எழமாட்டார்கள். அதையே 15 விநாடிக்கு ஒரு தடவை எடுத்திருந்தால், மோசமான நேரப்பொருத்தத்தில்கூட ஒரு புள்ளியாவது 75ஐத் தொட்டு நிற்கும்.

நான் பின்பற்றும் விதி இது: பிடிக்க வேண்டிய கோளாறின் நீளத்தில் பாதிதான் அதிகபட்ச இடைவெளி. 30 விநாடிக் கோளாறு தெரிய வேண்டுமென்றால் 15 விநாடி. பாதி ஏன்? அப்போதுதான் ஒரு முழு இடைவெளியாவது கோளாறுக்குள் அடங்கும், முனைகளில் சராசரி ஆகிக் கரைந்துபோகாது.

3. எண்களை மூன்று கூடையாகப் பிரியுங்கள்

புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இது. எல்லா எண்ணும் ஒரே மாதிரி என்று நினைத்து ஒரே இடைவெளி கொடுத்துவிடுகிறார்கள்.

முதல் கூடை, கவுண்டர்கள். 'பிஜி_ஸ்டாட்_டேட்டாபேஸ்' தரும் கமிட் எண்ணிக்கை, படித்த பிளாக்குகள், டெட்லாக் எண்ணிக்கை எல்லாம் இதில் வரும். இவை வீட்டு ஈபி மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே போகும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுத்தாலும் யூனிட் எதுவும் தொலையாது. எந்த நாளில் அதிகம் ஓடியது என்பதுதான் தெரியாமல் போகும்.

இரண்டாவது, ஸ்னாப்ஷாட்கள். 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி' இதற்கு நல்ல உதாரணம். இந்தக் கணத்தில் யார் ஓடுகிறார்கள், யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லும். நீங்கள் எட்டிப் பார்க்காத நேரத்தில் நடந்தது போயே போய்விட்டது.

மூன்றாவது, மெதுவாக நகர்பவை. டேபிள் அளவு, ட்ரான்சாக்‌ஷன் ஐடியின் வயது (கடைசிச் சுத்தத்துக்குப் பின் எத்தனை எண் செலவானது என்ற கணக்கு), பயன்படாத இண்டெக்ஸ்கள்.

ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு எண்ணையும் ஒன்றில் போடுங்கள். எதில் போடுவது என்று சந்தேகமாக இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நான் பார்க்காத நேரத்தில் நடந்தது அடுத்த தடவை பார்க்கும்போது தெரியுமா?" தெரியும் என்றால் கவுண்டர், தெரியாது என்றால் ஸ்னாப்ஷாட். அந்த நேரத்துக்குள் அது மாறியே இருக்காது என்றால் மூன்றாவது கூடை.

4. கவுண்டர்களுக்கு 15 முதல் 60 விநாடி

பெரும்பாலான இடங்களில் 15 அல்லது 30 விநாடி போதும். உள் அலுவலகப் பயன்பாட்டுக்கான டேட்டாபேஸ் என்றால் 60 கூடச் சரிதான்.

ஒரு விநாடிக்குக் கீழே போவதில் அர்த்தமே இல்லை. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு ப்ராசஸும் தன் கணக்கை ஓய்வுக்குப் போகும் முன்தான் பொதுக் கணக்கில் சேர்க்கும், அதுவும் விநாடிக்கு ஒரு தடவைக்கு மேல் சேர்க்காது. நீங்கள் அரை விநாடிக்கு ஒரு தடவை கேட்டால் பழைய எண்ணையே திரும்ப வாங்குவீர்கள்.

இதிலிருந்து இன்னொரு சங்கடமும் பிறக்கிறது. 40 நிமிடம் ஓடும் ஒரு ரிப்போர்ட் க்வெரி லட்சக்கணக்கான பிளாக்குகளைப் படிக்கிறது என்று வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த எண்ணிக்கை கவுண்டரில் வராது. முடிந்தவுடன் மொத்தமாக வந்து விழும். கிராஃபில் 11:40க்கு ஒரு கோபுரம் நிற்கும். "11:40க்கு என்ன ஆச்சு?" என்று லாக் ஃபைலைப் புரட்டினால் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் சம்பவம் 11 மணிக்கே தொடங்கிவிட்டது. இடைவெளியைக் குறைத்தாலும் இது சரியாகாது. ஸ்னாப்ஷாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

கவுண்டர் பூஜ்யத்துக்குப் போவதும் உண்டு. சர்வர் ஒழுங்காக மூடப்படாமல் விழுந்து எழுந்தால் போஸ்ட்கிரெஸ் இந்தக் கணக்கை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். கவுண்டர் ஏறும் வேகத்தைக் கணக்கிடும் ப்ரோமிதியஸின் 'ரேட்' இதைப் புரிந்துகொள்ளும். கையால் எழுதிய ஸ்கிரிப்ட் என்றால் கழித்துப் பார்க்கும்போது மைனஸ் எண் வரும். அதற்கு ஒரு வரி எழுதி வையுங்கள்.

'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்' ஒரு கவுண்டர்தான், ஆனால் கனமான கவுண்டர். இயல்பாக 5000 க்வெரி வரை வைத்திருக்கும். க்வெரியின் உரை தனி ஃபைலில் இருப்பதால், ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அந்த ஃபைலையும் படிக்கும். இதற்கு 5 நிமிடம் கொடுங்கள். உரை தேவையில்லாத சுற்றுகளில் 'ஷோடெக்ஸ்ட்' என்பதை ஃபால்ஸ் ஆக்கிக் கேளுங்கள், உரையை மணிக்கு ஒரு தடவை தனியாக எடுத்துக்கொள்ளலாம். 14ஆம் பதிப்போ அதற்கு மேலோ என்றால் 'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்_இன்ஃபோ'வில் 'டீஆலக்' என்ற எண்ணையும் கவனியுங்கள். அது வேகமாக ஏறினால், உங்கள் இரண்டு சுற்றுக்கு நடுவே க்வெரிகள் பட்டியலிலிருந்து வெளியே தள்ளப்படுகின்றன என்று பொருள். அப்போது இடைவெளியைக் குறைப்பதைவிட 5000ஐ உயர்த்துவதே வழி.

5. ஸ்னாப்ஷாட்டுக்கு 5 முதல் 10 விநாடி

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கலாம், ஏனென்றால் பெரும்பாலான விசாரணைகள் முடிவது இங்கேதான்.

8 விநாடி நீடிக்கும் ஒரு பூட்டு. நீங்கள் 60 விநாடிக்கு ஒரு தடவை பார்க்கிறீர்கள். அது உங்கள் கண்ணில் படும் வாய்ப்பு 60இல் 8, அதாவது 13 சதவீதம். 10 விநாடிக்கு ஒரு தடவை என்றால் 80 சதவீதம். 5 விநாடி என்றால் ஒரு தடவையாவது பட்டே ஆகும். ஒரு நாளைக்கு 50 தடவை நடக்கும் பூட்டு என்றால் 60 விநாடியிலும் ஆறு ஏழு தடவை சிக்கிவிடும், அதுவே போதும். வாரத்துக்கு ஒரு தடவை வந்து ஆளைக் கொல்லும் பூட்டுதான் சிக்காது.

எல்லா வரிகளையும் சேமிக்காதீர்கள். 'ஐடில்' நிலையில் இருப்பவற்றை விட்டுவிட்டு, ஓடுபவை, காத்திருப்பவை, ட்ரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கும் 'ஐடில் இன் ட்ரான்சாக்‌ஷன்' இவற்றை மட்டும் எடுங்கள். சராசரியாக 20 வரி என்று வைத்தால், 5 விநாடிக்கு ஒரு சுற்று, நாளைக்கு 17,280 சுற்று, மொத்தம் 3,45,600 வரி. தனி டேபிளில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுதான். ஆனால் அந்த டேபிள் வேறு சர்வரில் இருக்கட்டும். கண்காணிக்கப்படும் டேட்டாபேஸிலேயே வைத்தால் அது விழும்போது சாட்சியும் சேர்ந்து விழும். க்வெரி உரையை ப்ரோமிதியஸ் லேபிளாகப் போடும் எண்ணம் வந்தால் அதைக் கைவிடுங்கள். ஒவ்வொரு புது உரையும் ஒரு புது சீரிஸ் (தனியாகச் சேமிக்கப்படும் எண் வரிசை) ஆகி மெமரியைத் தின்றுவிடும்.

யார் யாரைத் தடுக்கிறார் என்பதற்கு 'பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ்' இருக்கிறது. கேட்ட நொடியில் அது பூட்டு நிர்வாகத்தையே சற்று நிறுத்திவைக்கும், அடிக்கடி அழைப்பது நல்லதல்ல என்று போஸ்ட்கிரெஸ் ஆவணமே எச்சரிக்கிறது. அதனால் எல்லா வரிக்கும் அழைக்காமல், 'வெயிட்_ஈவென்ட்_டைப்' பூட்டு என்று காட்டும் வரிகளுக்கு மட்டும் அழையுங்கள். சாதாரண நேரத்தில் அப்படி வரியே இருக்காது, செலவும் இருக்காது.

இனி, நான் நேரில் பார்த்த இரண்டு தடுமாற்றங்கள்.

ஒரு தம்பி பைத்தானில் 'சைகோபிஜி2' வைத்து 5 விநாடி லூப் எழுதினார். மூன்று நாள் ஓடியது. "அண்ணா, டேட்டாபேஸ் ரொம்ப அமைதியா இருக்கு, ஒரு பூட்டும் இல்ல" என்றார். எடுத்துப் பார்த்தால் எல்லாச் சுற்றிலும் ஒரே வரிகள், எழுத்துப் பிசகாமல். காரணம், அந்த லைப்ரரி முதல் க்வெரியிலேயே ஒரு ட்ரான்சாக்‌ஷனைத் திறந்துவிடும். நாம் கமிட் செய்யும்வரை அதற்குள்ளேயே இருக்கும். ஒரு ட்ரான்சாக்‌ஷனுக்குள் 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி'யை எத்தனை தடவை கேட்டாலும் முதல் தடவை எடுத்த படத்தையே போஸ்ட்கிரெஸ் திரும்பக் காட்டும். 'ஆட்டோகமிட்'டைப் போட்டவுடன் உயிர் வந்தது. அந்த மூன்று நாளும் எங்கள் 'ஐடில் இன் ட்ரான்சாக்‌ஷன்' பட்டியலில் மிகப் பழையதாக நின்றது அவருடைய ஸ்கிரிப்ட்தான்.

இரண்டாவது என் சொந்தக் கதை. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் கனெக்‌ஷன் கிராஃப் எப்போதும் 90ஐ ஒட்டியே நிற்கும். புது சர்வர் கேட்டு எழுதும் அளவுக்குப் போய்விட்டது. கடைசியில் பார்த்தால், பயன்பாட்டின் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலைகள் எல்லாம் ஒவ்வொரு நிமிடத்தின் பூஜ்ய விநாடியில் கிளம்புகின்றன. என் கண்காணிப்பும் கிரானில்தான், அதே பூஜ்ய விநாடியில். கூட்டம் நுழையும் அந்த ஒரு கணத்தை மட்டுமே நான் நாள் முழுக்கப் படம் பிடித்திருக்கிறேன். மீதி 55 விநாடி 20 கனெக்‌ஷன்கூட இல்லை. கிரானில் ஓட்டுவதென்றால் முன்னால் ஒரு 'ஸ்லீப் 17' மாதிரி வட்டமில்லாத ஒரு எண்ணைப் போடுங்கள். ப்ரோமிதியஸ் ஒவ்வொரு டார்கெட்டையும் தானே வெவ்வேறு கணத்துக்குத் தள்ளிக்கொள்ளும்.

6. மெதுவாக நகர்பவற்றுக்கு ஒரு மணி நேரம், சிலதுக்கு ஒரு வாரம்

ட்ரான்சாக்‌ஷன் ஐடி வயதை 15 விநாடிக்கு ஒரு தடவை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 20 கோடியைத் தொட்டால், பழைய வரிகளைத் துப்புரவு செய்யும் ஆட்டோவேக்யூம் கட்டாயமாகக் கிளம்பும் என்பது இயல்பான அமைப்பு. விநாடிக்கு 1000 எழுதும் ட்ரான்சாக்‌ஷன் நடக்கும் இடத்தில்கூட மணிக்கு 36 லட்சம்தான் ஏறும். 20 கோடியை எட்ட 55 மணி நேரம் ஆகும். மணிக்கு ஒரு தடவை தாராளம்.

டெட் டியூபிள் (அழிந்தும் இடம் பிடித்திருக்கும் வரி) எண்ணிக்கைக்கு 5 நிமிடம். ஆட்டோவேக்யூம் லாஞ்சர் இயல்பாக ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்க்கிறது, அதைவிட வேகமாக நாம் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. 'பிஜி_டேட்டாபேஸ்_சைஸ்' ஒவ்வொரு ஃபைலாகத் தொட்டுக் கணக்குப் போடும். ஆயிரக்கணக்கில் டேபிள் இருந்தால் வலிக்கும். மணிக்கு ஒரு தடவை. 'பிஜிஸ்டாட்டியூபிள்' முழு டேபிளையும் படிக்கும். அதை வாரத்துக்கு ஒரு தடவை, இரவில், தேவையான டேபிளுக்கு மட்டும்.

இந்தக் கூடையில் தவறிப்போய் விழும் ஒன்று, டிஸ்கில் மிச்சமுள்ள இடம். சாதாரண நாளில் அது மெதுவாகத்தான் நகரும். ஆனால் நகல் சர்வருக்காக மாற்றங்களைப் பிடித்துவைக்கும் ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட் கேட்பாரற்று நின்றுபோய், அதற்காக வால் (WAL, மாற்றங்கள் முதலில் எழுதப்படும் பதிவு) ஃபைல்கள் குவியத் தொடங்கினால்? விநாடிக்கு 50 எம்பி எழுதும் சர்வரில் நிமிடத்துக்கு 3 ஜிபி, மணிக்கு 180 ஜிபி. மணிக்கு ஒரு தடவை பார்த்தால் அடுத்த தடவை பார்க்க டேட்டாபேஸ் இருக்காது. டிஸ்க் இடமும் ஸ்லாட் பிடித்துவைத்திருக்கும் வால் அளவும் 60 விநாடிக்கு ஒரு தடவை வரட்டும்.

7. ஒரு சுற்றின் விலையை அளந்து பாருங்கள்

இப்போதுதான் கையில் உத்தேச எண்கள் இருக்கின்றன. இவற்றைக் கருவியில் போடும் முன் ஒவ்வொரு க்வெரியையும் போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் டைமிங் போட்டு ஓட்டுங்கள். வேலை மும்முரமாக இருக்கும் நேரத்தில் ஓட்டுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு எல்லாமே வேகமாகத்தான் இருக்கும்.

என் அளவுகோல்: ஒரு சுற்றின் நேரம் இடைவெளியில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 15 விநாடிச் சுற்று என்றால் 150 மில்லிவிநாடி. இது எங்கும் எழுதிய சட்டமல்ல, அனுபவத்தில் வந்தது. தாண்டினால் அந்த க்வெரியை அடுத்த கூடைக்குத் தள்ளுங்கள், அல்லது பாதியாகக் குறையுங்கள்.

ஒருமுறை நான் டேபிள் அளவு உட்பட எல்லாவற்றையும் ஒரு விநாடிக்கு வைத்துவிட்டு, 'நல்லா பண்ணியிருக்கோம்' என்று போய்விட்டேன். அடுத்த நாள் 'பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்' பட்டியலில் அதிக நேரம் எடுத்த க்வெரி எது என்று பார்த்தால், முதலிடத்தில் என் க்வெரியே உட்கார்ந்திருந்தது. இன்றும் நான் அமைத்த எந்த கண்காணிப்புக்கும் இரண்டாம் நாள் முதல் வேலை, கண்காணிப்பு யூசரின் பெயரில் அந்தப் பட்டியலை வடிகட்டிப் பார்ப்பதுதான்.

8. ப்ரோமிதியஸில் பதியுங்கள்

ஸ்க்ரேப் (ப்ரோமிதியஸ் ஒரு தடவை வந்து எண்களை எடுப்பது) இடைவெளி இயல்பாக 1 நிமிடம், டைம்அவுட் 10 விநாடி. டைம்அவுட் இடைவெளியைவிடப் பெரிதாக இருக்க முடியாது. அதனால் 5 விநாடி என்று வைக்கும்போது, டைம்அவுட்டை நீங்களே பெரிதாக எழுதி வைத்திருந்தால் அதையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

டேட்டாபேஸைக் கேட்டு ப்ரோமிதியஸுக்கு எண்களைத் தரும் நிரல்தான் எக்ஸ்போர்ட்டர். ஒரே எக்ஸ்போர்ட்டரில் எல்லாக் கூடையையும் கொட்டாதீர்கள். கனமான க்வெரிகள் சேர்ந்து 10 விநாடியைத் தாண்டினால் அந்த ஸ்க்ரேப் முழுவதும் தோற்றுப்போகும். டேபிள் அளவு தாமதமானதற்காக கமிட் எண்ணிக்கையும் சேர்ந்து காணாமல் போகும். கூடைக்கு ஒரு ஜாப் என்று பிரித்துவிடுங்கள்.

மெதுவான கூடைக்கு ஸ்க்ரேப் இடைவெளியை 1 மணி நேரம் என்று போட்டுவிட்டு, "கிராஃப் வரவே இல்லை" என்று வருபவர்கள் நிறைய. ஒரு எண் வந்து 5 நிமிடம் ஆகியும் புதிதாக வராவிட்டால் ப்ரோமிதியஸ் அதைப் பழையது என்று ஒதுக்கிவிடும். எனவே 2 நிமிடத்துக்கு மேல் ஸ்க்ரேப் இடைவெளி வைக்காதீர்கள். கனமான க்வெரியை கிரானில் மணிக்கு ஒரு தடவை ஓட்டி, விடையை ஒரு ஃபைலில் எழுதி, நோட் எக்ஸ்போர்ட்டரின் டெக்ஸ்ட்ஃபைல் வழியாகக் கொடுங்கள். ப்ரோமிதியஸ் நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த ஃபைலைப் படிக்கட்டும், டேட்டாபேஸுக்கு அதனால் சுமை இல்லை. ஃபைலை நேராக எழுதாமல் தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டுப் பெயர் மாற்றுங்கள்; இல்லையென்றால் பாதி எழுதிய ஃபைல் ஒரு நாள் மாட்டும்.

'ரேட்' கணக்கிடும் நேரச் சாளரம் இடைவெளியைப் போல நான்கு மடங்கு இருக்கட்டும். இரண்டு புள்ளியாவது இல்லாமல் ரேட் வராது, நடுவில் ஒரு ஸ்க்ரேப் தவறினாலும் தாங்க வேண்டும்.

கிராஃபனாவில் ஒரு பொறி இருக்கிறது. அதன் டேட்டா சோர்ஸ் அமைப்பில் ஸ்க்ரேப் இடைவெளி என்று தனியாக ஒரு பெட்டி உண்டு, இயல்பாக 15 விநாடி. நீங்கள் ப்ரோமிதியஸில் 60 வைத்துவிட்டு இதைத் தொடாமல் விட்டால், கிராஃபனா 15ஐ நம்பி நான்கு மடங்கு, அதாவது 60 விநாடிச் சாளரம் போடும். அதில் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கும். ஒரு நாள் முழுவதையும் பார்த்தால் கிராஃப் தெரியும். கோளாறு நடந்த பத்து நிமிடத்துக்குள் நெருங்கிப் போனால் மறைந்துவிடும். புதியவர்கள் டேட்டாவே சேரவில்லை என்று நினைத்து எக்ஸ்போர்ட்டரை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருப்பார்கள்.

9. இடக்கணக்கு

ஒரு சீரிஸை 15 விநாடிக்கு ஒரு தடவை எடுத்தால் நாளைக்கு 5,760 புள்ளி. ப்ரோமிதியஸில் ஒரு புள்ளி தோராயமாக 1 முதல் 2 பைட். தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. 5000 க்வெரி, ஒவ்வொன்றுக்கும் 10 எண் என்று எடுங்கள்: 50,000 சீரிஸ், நாளைக்கு 28.8 கோடி புள்ளி, ஒரே டேட்டாபேஸுக்கு அரை ஜிபி வரை. இதையே 5 நிமிடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்தால், புள்ளிகள் 1.44 கோடிதான். சரி, 5 நிமிடத்தை ஸ்க்ரேப்பில் வைக்க முடியாதே? அதனால்தான் க்வெரிவாரி விவரத்தை நான் ப்ரோமிதியஸுக்கு அனுப்புவதே இல்லை. ஸ்னாப்ஷாட் போகும் அதே தனி டேட்டாபேஸுக்கு அனுப்புகிறேன்.

ப்ரோமிதியஸ் இயல்பாக 15 நாள்தான் வைத்திருக்கும், பழையதைச் சுருக்கி வைக்கும் பழக்கமும் அதற்கு இல்லை. போன தீபாவளி விற்பனையோடு இந்தத் தீபாவளியை ஒப்பிட வேண்டும் என்றால் தானோஸ் மாதிரி ஒன்று வேண்டும். அது 5 நிமிடம், 1 மணி நேரம் என்று சுருக்கி வைத்துக்கொள்ளும்.

10. லாக் ஃபைல் பார்த்துக்கொள்ளும் வேலையை அதனிடமே விடுங்கள்

சில விஷயங்களுக்கு இடைவெளியே தேவையில்லை. 'லாக்_லாக்_வெயிட்ஸ்' போட்டால், ஒரு விநாடிக்கு மேல் யாராவது பூட்டுக்குக் காத்திருந்தால் போஸ்ட்கிரெஸ் தானே எழுதிவிடும். அந்த ஒரு விநாடி 'டெட்லாக்_டைம்அவுட்'டின் இயல்பு அளவு. நீண்ட க்வெரிகளைப் பதிய 'லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட்' 1 விநாடி, தற்காலிக ஃபைல்களைப் பதிய 'லாக்_டெம்ப்_ஃபைல்ஸ்' போடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை வரும் அந்தப் பூட்டு, ஸ்னாப்ஷாட்டில் தப்பித்தாலும் இங்கே தப்பாது. ஸ்னாப்ஷாட்டை ஒரு விநாடிக்கு இழுக்க ஆசை வரும்போதெல்லாம், இவை போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

11. அலெர்ட் இடைவெளி வேறு

15 விநாடிக்கு ஒரு தடவை எடுப்பதால் 15 விநாடிக்கு ஒரு தடவை போன் அடிக்க வேண்டியதில்லை. கனெக்‌ஷன் 80ஐத் தாண்டி 2 நிமிடம் நீடித்தால் அடிக்கட்டும். ரெப்ளிகா பின்தங்குவது என்றால் 5 நிமிடம்கூடப் பொறுக்கலாம். அலெர்ட் தொல்லையாக இருக்கிறது என்று சேகரிக்கும் இடைவெளியைக் கூட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அலெர்ட்டின் 'ஃபார்' நேரத்தைத்தான் கூட்ட வேண்டும்; எண்கள் அப்படியே வந்துகொண்டிருக்கட்டும், விசாரணைக்கு வேண்டும்.

12. நீங்களே ஒரு கோளாறு செய்து பாருங்கள்

அமைத்துவிட்டு டாஷ்போர்டில் கோடு ஓடுவதைப் பார்த்து திருப்திப்படாதீர்கள். டெஸ்ட் சர்வரில் ஒரு சின்ன டேபிள் உருவாக்குங்கள். ஒரு ஜன்னலில் பிகின் கொடுத்து, அந்த டேபிளை 'ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்' முறையில் பூட்டி, 'பிஜி_ஸ்லீப்' 8 விநாடி, பிறகு கமிட். இன்னொரு ஜன்னலில் அதே நேரம் அந்த டேபிளில் ஒரு செலக்ட். இதை ஒழுங்கில்லாத இடைவெளிகளில் 20 தடவை ஓட்டுங்கள்.

பிறகு எண்ணுங்கள். ஸ்னாப்ஷாட் 10 விநாடி என்றால் 16 தடவை வாக்கில் சிக்க வேண்டும், 5 விநாடி என்றால் 20ம் சிக்க வேண்டும். 5 விநாடியிலும் 12தான் சிக்கியது என்றால், உங்கள் சுற்று நீங்கள் நினைப்பதைவிட மெதுவாக ஓடுகிறது. பெரும்பாலும் லூப்பில் வேலை முடிந்தபிறகு 5 விநாடி தூங்க வைத்திருப்பீர்கள். வேலைக்கு 8 விநாடி எடுத்தால் உண்மையான இடைவெளி 13 ஆகிவிடும். லாக் ஃபைலில் 20 காத்திருப்பும் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

13. தற்காலிகமாகக் குறைப்பதும், திரும்ப வைப்பதும்

ஒரு கோளாறைத் துரத்தும்போது ஸ்னாப்ஷாட்டை ஒரு விநாடிக்கு இறக்கத்தான் வேண்டியிருக்கும். தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் கான்ஃபிக்கை மாற்றி அல்ல. பிஎஸ்க்யூஎல்லில் 'வாட்ச்' கட்டளையில் அந்த க்வெரியை ஒரு விநாடிக்கு ஓட விட்டு, வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்புங்கள். ஜன்னலை மூடினால் அதுவும் நின்றுவிடும். ஆரக்கிளும் இதே மாதிரிதான் பிரித்து வைத்திருக்கிறது: ஓடும் செஷன்களை விநாடிக்கு ஒரு தடவை மெமரியில் எடுக்கும், அதில் பத்தில் ஒன்றைத்தான் டிஸ்குக்கு அனுப்பும், முழு அறிக்கைக்கான ஸ்னாப்ஷாட் இயல்பாக மணிக்கு ஒரு தடவை.

கான்ஃபிக்கைத்தான் மாற்றியாக வேண்டும் என்றால், மாற்றிய வரிக்கு மேலேயே தேதியும் காரணமும் திரும்ப வைக்க வேண்டிய பழைய எண்ணும் எழுதிவிட்டு, காலண்டரில் மறுநாள் காலைக்கு ஒரு நினைவூட்டல் போடுங்கள். எங்களிடம் இருந்த ஒரு சர்வரில் "தற்காலிகம், நாளை மாற்றவும்" என்ற வரியை யாரோ எழுதியிருந்தார்கள். தேதி மட்டும் போடவில்லை.